லிகெரி அத்தை கொண்டு வந்த சேதி

என் மூத்த மகன் பனாகோசுக்கு ஊரிலிருந்து அம்மா கனெல்லா ஆசையோடு எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே மூச்சு இருக்கிறவர்கள் எல்லோரும் நலம், அங்கே மெல்போர்னில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா என்று என் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. நல்லதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. உன் தங்கை ஸ்தமாத்தாவின் பெரியவன் கீதியோ பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறான், "இவன ஆடு மேய்க்க அனுப்பினீங்கன்னா உங்கள கோர்ட்டுல நிறுத்திடுவேன்" என்று வாத்தியாரே வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். அவளுடைய சின்னவள் லம்ப்ரினி கோயிலில் வேதத்திலிருந்து நிருபம் வாசிக்கிறாள், வயதான சாமியார் எங்கோ வரி தவறிவிட்டார், இவள் அவர் அங்கியைப் பிடித்து இழுத்து "சாமி, ஒரு வரிய முழுங்கிட்டீங்க" என்றாள், கோயிலே சிரித்தது. உன் தம்பி பெத்ரோசின் மகன் இந்த வருஷம் வலை போட்டுப் பிடித்த காடை பெரிய ஆம்பிளைகள் பிடித்ததைவிட அதிகம், வலையில் துடித்ததைப் பல்லால் கடித்தே கழுத்தை முறித்தான், பாட்டிக்கென்று ஒரு கோர்வையைத் தனியாக எடுத்து வைத்தான். உன் மகள் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தை வாத்தியார் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறார், அவருக்கே அது புரிந்ததா என்பது என் சந்தேகம், ஆனால் எழுத்து ஒவ்வொன்றும் முத்து. நீ இரண்டாவது கடை திறந்த சேதியை ஒலிவ ஆலையிலும் கோயில் வாசலிலும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனது. இனி சொல்ல மாட்டேன். ஏன் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

மகனே, கடையில் நின்றுகொண்டு இதற்கு மேல் படிக்காதே, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி. உன் லிகெரி அத்தை போய்விட்டாள். காய்ச்சலில் போகவில்லை, மூப்பிலும் போகவில்லை, குண்டு பட்டுப் போனாள். சுட்டது அவள் புகுந்த குவாக்கோஸ் வீட்டு ஆள் இல்லை, பிறந்த வீட்டு ஆள். உன் தம்பி பெத்ரோஸ். கொல்ல நினைத்துச் சுடவில்லை, ஆனால் நினைப்பைக் கேட்டுக்கொண்டா குண்டு பாய்கிறது. நம் ஊர்க்காரர்கள் கூடுகிற உங்கள் காபிக்கடையில் வேறு மாதிரிச் சொல்வார்கள், அவள் மகன் லியாஸ்தான் பெற்ற தாயைக் கொன்றான் என்றுகூடச் சொல்வார்கள், நம்பிவிடாதே, ஆத்திரப்பட்டுக் கப்பல் ஏறிவிடாதே. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், அந்த எழுத்து இதை எழுதவா உதவ வேண்டும்.

அவள் எப்படி அந்த வீட்டுக்குப் போனாள் என்பதை உன் அப்பா உயிரோடு இருந்தவரை யாரையும் பேச விட்டதில்லை, இப்போது நான் சொல்கிறேன். உன் பெரியப்பாவைக் களத்துமேட்டில் வைத்துக் குவாக்கோஸ் வீட்டு மூத்தவன் சுட்டான், நம் ஆட்கள் அவனைக் கோயில் சுவரோரம் மடக்கிச் சுட்டார்கள், இரண்டு வீட்டுக் கல்கோபுரத்துக்கும் நடுவே கோழிகூட நடக்க முடியாத காலம் அது. கடைசியில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, இந்த வீட்டுப் பெண்ணை அந்த வீட்டு இளையவன் சானெத்தோசுக்குக் கொடுத்து ரத்தத்தை முடிப்பது என்று தீர்த்தார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. புகுந்த வீட்டு வாசலில் மாமியார் தேனைத் தொட்டு அவள் வாயில் வைத்தபோது அந்த விரலை அப்படியே எலும்பு தெரியக் கடித்துவிட்டாள், "இது எங்கண்ணனுக்கு, இனி நான் உங்க வீட்டுப் பொண்ணு" என்று சொல்லி வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மாமியார் அவளை அடுப்புச் சட்டுவத்தால் அடித்த நாட்கள் உண்டு, ஒரு நாள் அதே சட்டுவத்தைப் பிடுங்கி இவள் திருப்பி அடித்தாள், அதற்குப் பிறகு கிழவி சாகும்வரை இவள் கையால்தான் கஞ்சி குடித்தாள். சானெத்தோஸ் மாமாவும் ஒரே ஒரு தடவைதான் கை ஓங்கினார், இவள் துணி வெளுக்கக் கொதித்துக்கொண்டிருந்த சாம்பல் தண்ணீரை அவர் காலடியில் ஊற்றி, "அடிக்கிறதுன்னா இப்பவே அடிச்சு முடிச்சுக்க, அடுத்த தரம் நிக்கறதுக்குக் காலு இருக்காது" என்றாளாம். அந்த மனுஷன் அதன் பிறகு அவளைக் கேட்காமல் ஒரு பன்றிகூட வாங்கினதில்லை. ஊரில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை, அவள் முற்றத்தில் நடந்தால் அவர் கண்ணும் கூடவே நடக்கும்.

நம் ஊரில் பெண்ணை முன்னால் விட்டுப் பின்னால் வருகிறவனைச் சுடக் கூடாது என்ற முறை உனக்குத் தெரியும். வீடுகள் முறைத்துக்கொண்ட போதெல்லாம் அவள்தான் முன்னால் நடந்தாள். உன் அப்பா பல்வலியில் கன்னம் வீங்கி வைத்தியரிடம் போக வேண்டும், வழியோ அவர்கள் கோபுரத்தின் கீழே, மேலே ஜன்னல் ஜன்னலாகத் துப்பாக்கி. இவள் தலையில் கூடையோடு முன்னால் நடந்துகொண்டு அண்ணாந்து பார்த்து, "சுடறவன் பாத்துச் சுடுங்கடா, கூடையில முட்டை இருக்கு, எங்கண்ணன் மூஞ்சி ஏற்கெனவே உடைஞ்சுதான் இருக்கு" என்று கத்தினாள், மேலே இருந்தவர்களுக்குச் சிரிப்பில் கை நடுங்கியது. எனக்குப் பால் வற்றிப்போனபோது உன்னைத் தினமும் அந்தப் பாதை வழியாகத் தூக்கிப்போய், லியாசுக்கு ஒரு பக்கமும் உனக்கு ஒரு பக்கமுமாகக் கொடுத்து வளர்த்தவள் அவள்தான். பெத்ரோஸ் பூமியில் விழுந்தபோது ஏந்தியதும் அவள் கைதான். அவளுடைய பெரிய மகன் வெடி போட்டு மீன் பிடிக்கப் போய்க் கையிலேயே வெடித்துச் செத்தானே, சிதறியதைத் தன் ஏப்ரனில் தானே பொறுக்கிக்கொண்டு வந்தாள், எங்களில் ஒருத்தியைக்கூடத் தொட விடவில்லை. லியாசுக்கு வரிசையாகப் பெண்ணாகவே பிறந்தது, ஆண் பிள்ளையைத் துப்பாக்கி என்று எண்ணுகிற ஊரில் அவனைக் கேலி செய்யாத வாய் இல்லை, "துப்பாக்கி இல்லாட்டி என்ன, கல்லு இருக்கு" என்று சொல்லி பேத்திகள் அத்தனை பேருக்கும் கல்லெறியக் கற்றுக்கொடுத்தாள். அந்தக் குட்டிகள் எறிந்தால் ஓடுகிற ஆடு நின்றுவிடும்.

இந்த வருஷம் மழை பொய்த்து, களத்துமேட்டுத் தண்ணீர்த்தொட்டியில் பாதிதான் நிறைந்தது. லியாசின் கோவேறு கழுதை நம் பங்கில் வாய் வைத்தது என்று பெத்ரோஸ் அதைத் தொட்டி ஓரத்திலேயே சுட்டுப்போட்டான், ரத்தம் தண்ணீரில் கலந்து இரண்டு வீட்டுக்கும் குடிக்க இல்லாமல் போனதுதான் மிச்சம். அன்று தொடங்கிக் கோபுரத்துக்குக் கோபுரம் கல்மழை, நம் கூரை ஓடு ஒன்றுகூட முழுசாக இல்லை, அவர்கள் பக்கத்தில் ஒரு கிழவருக்கு மண்டை பிளந்தது. சாமியார் சிலுவையைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து, ஒலிவம் பறித்து முடியும்வரை யாரும் கை ஓங்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். கடைசி மூட்டை ஆலைக்குப் போனது, சத்தியமும் அன்றோடு முடிந்தது. மறுநாள் காலையில் பெத்ரோஸ் துப்பாக்கியோடு மேல் ஜன்னலில் உட்கார்ந்திருந்தான், அந்தப் பக்கம் லியாஸ் மொட்டைமாடியில். அப்போதுதான் அங்கே கீழ் அறையில் லியாசின் மனைவிக்கு வலி கண்டு, அத்தை கையில் ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. அது எங்களுக்கு எப்படித் தெரியும். ஆண் பிறந்தால் முதலில் மாடியில் ஏறி நாலு திசைக்கும் கூவ வேண்டும், பிறகுதான் வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை. இத்தனை பெண்களுக்குப் பிறகு ஆண் என்று கேட்டதும் லியாசுக்குத் தலைகால் புரியவில்லை, கூவ மறந்தான், சுட்டான், மேலும் மேலும் சுட்டான். சத்தியம் முடிந்த மறுநாள் எதிர்க் கோபுரத்திலிருந்து வேட்டுச் சத்தம், பெத்ரோஸ் என்ன நினைப்பான், புகை வந்த திசையைப் பார்த்து அடித்தான். லியாஸ் பக்கத்து ஆட்கள் திருப்பி அடித்தார்கள். இது எதுவும் தெரியாமல் அத்தை, ஏப்ரனில் பிள்ளைப்பேற்று ரத்தம்கூடக் காயாமல், பிறந்த வீட்டுக்குத் தானே முதலில் சேதி சொல்ல வேண்டும் என்று பாதையில் ஓடி வந்துகொண்டிருந்தாள், குறுக்குச் சுவரில் அவள் ஏறி நிமிர்ந்ததும் பெத்ரோசின் குண்டு வந்து நெஞ்சுக்கு மேலே பாய்ந்ததும் ஒன்றாக இருந்தது. விழவில்லை மகனே, சுவர்மேல் உட்கார்ந்தாள், தலைத்துணியை அவிழ்த்து ஆட்டிக்கொண்டு, "அடேய் நாய்ங்களா, நிறுத்துங்கடா, பையன் பொறந்திருக்கான், பையன்டா சனியன்களா" என்று கத்தினாள், வார்த்தையோடு வாயிலிருந்து ரத்தமும் வந்தது. இரண்டு பக்கமும் துப்பாக்கி அடங்கியது. நான் ஓடிப்போய்த் தாங்கினேன், என் மடியில் சாய்ந்து, "கனெல்லா, குழந்தைக்கு எங்கண்ணன் மூக்கு" என்றாள். அதோடு முடிந்தது.

லியாஸ் இறங்கி வந்து தாயைப் பார்த்தான், துப்பாக்கியை நம் ஜன்னலுக்கு நேரே தூக்கினான், நான் குழலைப் பிடித்துத் தொங்கினேன், துப்பாக்கிக் கட்டையால் என் வாயில் இடித்தான், முன்பல் இரண்டும் போய்விட்டன, இப்போது ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத்தான் தின்கிறேன், அதற்காக நீ கோபப்படாதே, அவன் தாய் அங்கே கிடந்தாள். பெத்ரோஸ் வெறுங்கையோடு இறங்கி வந்து சட்டையைக் கிழித்துக்கொண்டு "என்னை இங்கயே சுட்றா" என்று அவன் முன்னால் நின்றான், சானெத்தோஸ் மாமா இடையில் விழுந்து தடியாலேயே இரண்டு பேரையும் மாறி மாறி அடித்தார், "அவ ரத்தத்த மிதிச்சுக்கிட்டு நிக்கிறீங்களேடா" என்று அழுதுகொண்டே அடித்தார். உடம்பை எந்த வீட்டுக்குத் தூக்குவது என்று அடுத்த சண்டை, நம் பெண்கள் கால் பக்கமும் அவர்கள் பெண்கள் தலை பக்கமும் இழுத்துப் பாடையின் கம்பே ஒடிந்தது, கடைசியில் கோயிலுக்குத்தான் கொண்டுபோனோம். பெத்ரோஸ் வீட்டுக்கு வந்து சுட்ட விரலைக் கட்டையில் வைத்துக் கோடரியைத் தூக்கினான், அவன் மனைவி பாய்ந்து பிடுங்கினாள், அவள் உள்ளங்கை கிழிந்து தொங்கியதுதான் கண்ட பலன். அன்றிலிருந்து அவன் கோபுரத்து மேல் அறையைவிட்டு இறங்கவில்லை, சாப்பாட்டுத் தட்டு போன மாதிரியே திரும்பி வருகிறது.

ஒப்பாரிக்கு அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்களெல்லாம் முடியை அவிழ்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள், முகத்தைக் கீறிக்கொண்டார்கள், ஆண்கள் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பாடுகிறவள் வாயில் யார் பெயர் வருகிறதோ அவன் சாக வேண்டும், அதுதானே நம் வழக்கம். நாத்தனாருக்கு நான்தான் பாட வேண்டும், பல் போன வாயால் பாடினேன்.

அண்ணன் ரத்தத்தின் விலையாய்ப் போனவளே,
இரண்டு வீட்டு வாசலுக்கும் ஒரே கதவாய் நின்றவளே,
கூவாமல் சுட்டவனும் உன் பிள்ளை,
பாராமல் சுட்டவனும் உன் பிள்ளை,
யார் பெயரை நான் பாட, நீயே எழுந்து சொல்லடி.

மாமா தடியைத் தரையில் ஊன்றி "பேர் பாடல, பழி இல்ல" என்றார். லியாஸ் காறித் துப்பி, "பழி இல்லன்னு யார் சொன்னது, எங்கம்மா என்ன கோழியா? ஆனா பெத்ரோச எடுக்க மாட்டேன். அந்த வீட்டுல எது நல்ல பிள்ளையோ அத எடுப்பேன். மெல்போர்ன்ல எங்க சித்தப்பா பசங்க இருக்காங்க" என்றான். உன் கடையை, உன் பெயரை, நான் ஊரெல்லாம் பேசியது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நேரம் கோயில் வாசலில் சத்தம். லியாசின் மனைவி, பிள்ளை பெற்ற பச்சை உடம்பு, நாற்பது நாள் வாசற்படி தாண்டக் கூடாதவள், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து நிற்கிறாள், அவள் வந்த வழியெல்லாம் கல்லில் ரத்தம். கைக்குழந்தையைப் பாடைக்குப் பக்கத்தில் வெறும் தரையில் கிடத்தி, "எடுக்கிறதுன்னா இதுல ஆரம்பிங்க, பெரியவனாகி எப்படியும் சாகப்போற துப்பாக்கிதானே, நான் எதுக்குப் பால் குடுக்கணும்" என்றாள். குழந்தை வீறிட்டது. அவள் குனியவில்லை. லியாஸ்தான் குனிந்தான், குழந்தையை எடுத்துக்கொண்டு தாயின் காலடியில் முட்டிபோட்டு விழுந்தவன் அடக்கம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்த பிறகு மாமாவும் சாமியாரும் என்னைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். நம் வீட்டுத் தலைமகன் நீ, அந்தக் குழந்தைக்கு நீ ஞானத்தகப்பனாக வேண்டும். ஞான உறவு வந்துவிட்டால் ரத்தம் எடுக்க முடியாது, எடுத்தால் இரண்டு வீடும் நரகத்துக்குத்தான். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம், அதுவரைதான் லியாஸ் பொறுப்பான். உன் பெயரைச் சொல்லி ஸ்தமாத்தா குழந்தையை ஏந்துவாள், ஆனால் தப்பு செய்த வீட்டின் தலைவன் தொப்பியைக் கழற்றி, கைகட்டி, அவர்கள் முன்னால் நிற்பது நம் முறையாயிற்றே, நீ இருப்பதோ கடலுக்கு அப்பால். மாமாதான், "ஆள் வர முடியாட்டி படம் வரட்டும், நிக்கற மாதிரி எடுத்து அனுப்பச் சொல்லு, எங்க வீட்டுச் சுவத்துல மாட்டறேன், குழந்தை அதப் பாத்து வளரட்டும்" என்றார்.

எனக்குத் தெரியும் உனக்கு வலிக்கும். லியாஸ் வீட்டு உப்பைத் தொட மாட்டேன் என்று கப்பல் ஏறுகிற அன்று சத்தியம் செய்தாய். மாதா திருவிழாவில் ஆட்டத்தில் யார் முன்னால் போவது என்ற சண்டையில் அவன் கத்தியால் உன் கன்னத்தைக் காதுவரைக்கும் கிழித்தான், நான் மறக்கவில்லை. ஆனால் கத்தியை வெறுங்கையால் பிடித்துப் பிடுங்கிக் கடலில் எறிந்து, இரண்டு பேரையும் செருப்பால் அடித்து, அதே இடத்தில் உன்னை உட்காரவைத்து, துக்கத்துணி தைக்கிற கறுப்பு நூலால் கன்னத்தைத் தைத்தவள் அத்தை. வலிக்கிறதா என்று கேட்டதற்கு ஆம்பிளைக்கு என்ன வலி என்றாய், "அப்ப இன்னும் ரெண்டு தையல் போடறேன், இரு" என்றாள். சத்தியத்தை உடைக்கிற பாவம் என் தலையில் வரட்டும், நான் சுமக்கிறேன். நீ மாட்டேன் என்றால் பெத்ரோஸ் தானாகவே கீழே இறங்கிப்போய் அவர்கள் வாசலில் நிற்பான், அவன் கண்ணில் அது இருக்கிறது, இல்லாவிட்டால் உன் கடை வாசலில் யாராவது நிற்பான். இரண்டில் எந்தப் பிள்ளையை நான் கொடுக்க.

இருட்டுவதற்குள் கடையைச் சாத்து, தெரியாதவன் காபி வாங்கிக்கொடுத்தால் குடிக்காதே, மருமகளைக் கோபத்தில் ஒன்றும் சொல்லாதே, பிள்ளைகளை இரண்டு மொழியிலும் கும்பிடச் சொல். நீயும் உன் வீடும் மலைபோல நிலைத்து இருக்க வேண்டும், உன் பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் முடி நரைத்துப் படுக்கையில் சாக வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம், இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் இந்த ஊரில் இல்லை. படத்தைச் சிவப்பு மை முத்திரை குத்தி ஆகாயத் தபாலில் போடு, கப்பல் தபால் ஈஸ்டருக்கு வந்து சேராது. போன வருஷம் அனுப்பிய படம் உதவாது, அதில் தொப்பி போட்டுக்கொண்டு தழும்பு தெரியாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாய். தலையில் ஒன்றும் வேண்டாம், கையைக் கட்டிக்கொள், நேராகப் பார், அந்தக் கன்னத்தை வெளிச்சத்துக்குக் காட்டு. உன் அத்தைக்கு இரண்டு வீட்டிலும் ஒரு படம்கூட இல்லை மகனே, அவள் கைவேலை உன் முகத்தில்தான் மிச்சமிருக்கிறது. லியாஸ் கிழித்ததும் அவள் தைத்ததும் நன்றாகத் தெரியும்படி புதுப் படம் ஒன்று எடுத்து உடனே அனுப்பு.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் உன் அம்மா,
கனெல்லா